படியளக்கும் மேசை



விளம்பர நிறுவனமொன்றில் மீடியா பிளானராகச் சேரப்போகும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். சிறுபான்மை இன மக்களுக்கான விளம்பரத்தையே தன் துறையாக்கிக்கொள்ள ஆசையாம். அதில் எதிர்காலம் உண்டா என்று கேட்கிறார். விளம்பரப் பணத்தில் எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு, எந்தச் சேனலுக்கு எவ்வளவு என்று பிரிப்பவர் மீடியா பிளானர். எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு அவர்தான் படியளக்கும் பெருமாள். ஆகவே என் பதிலில் சுயநலமும் கொஞ்சம் கலந்திருக்கும்.

எட்வர்ட் பாய்ட் என்ற அமெரிக்கரை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். கறுப்பின மக்களிடம் விற்பனையைப் பெருக்க, 1947இல் பெப்சியின் தலைவர் வால்டர் மேக் வேலைக்கு எடுத்தவர் அவர். கோக் 6.5 அவுன்ஸ் கொடுத்த அதே ஐந்து சென்ட்டுக்கு பெப்சி 12 அவுன்ஸ் கொடுத்துவந்த காலம். அன்றைய விளம்பரங்களில் கறுப்பினத்தவர் தென்பட்டால் பெரும்பாலும் சமையல்காரியாகவோ எடுபிடியாகவோதான் இருப்பார்கள். பாய்ட், ஐ.நா.வில் பணியாற்றிய ரால்ஃப் பன்ச் போன்ற சாதனையாளர்களை வைத்து ஒரு விளம்பரத் தொடரே போட்டார். கடைகளில் வைக்க ஓர் அட்டை செய்தார்: பாட்டில்களோடு நிற்கும் இளம் தாய், எட்டிக் கை நீட்டும் சிறுவன். அந்தப் பையன் ரான் பிரவுன், பின்னாளில் கிளின்டன் அரசில் வர்த்தக அமைச்சர்.

படம் எடுப்பது சுலபம். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனதுதான் பாடு. பாய்டும் அவருடைய கறுப்பின விற்பனையாளர்களும் தென் மாநிலங்களில் வெள்ளையர் ஹோட்டல்களில் தங்க முடியாது. ரயிலிலும் ஒதுக்கிய பெட்டிதான். தங்கள் இனத்தவர் வீடுகளில் படுத்து எழுந்து, சர்ச், கல்லூரி, சங்கக் கூட்டம் என்று அலைந்தார்கள். விற்பனை ஏறியது. ஏறியதுமே மேலிடத்துக்கு வேறு கவலை வந்தது: இது கறுப்பர் பானம் என்று பெயராகிவிட்டால்? மேக்கே ஒரு கூட்டத்தில் இழிசொல்லோடு அப்படிப் பேச, பாய்ட் எழுந்து வெளியேறினார். மேக் போனபின், 1951இல் பாய்டின் வேலையும் போனது. இன்றும் பட்ஜெட்டில் கத்திரி விழுந்தால் முதலில் போவது இந்த மாதிரிப் பிரிவுதான் என்பது என் கணிப்பு.

வாசகி வேலையில் சேர்ந்ததும் கேட்கப்போகும் வாக்கியம் ஒன்று உண்டு: “அவங்களும் பொது சேனல்தானே பார்க்கிறாங்க, தனியா எதுக்கு?” ஆயிரம் பேரை எட்ட என்ன செலவு என்ற கணக்கில் அது சரியாகவே தெரியும். ஆனால் விளம்பரம் கண்ணில் படுவது வேறு, ‘நம்மை மதித்துப் பேசுகிறான்’ என்று தோன்றுவது வேறு. இரண்டாவதற்கு அந்தக் கணக்குத் தாளில் கட்டமே கிடையாது.

1945இல் கறுப்பின வாசகர்களுக்காக ‘எபோனி’ இதழைத் தொடங்கிய ஜான் ஜான்சனுக்கும் பெரிய கம்பெனி விளம்பரங்கள் எளிதில் கிடைக்கவில்லை. ஜெனித் ரேடியோ தலைவர் மெக்டொனால்ட் ஆர்க்டிக் பயணம் போனவர் என்று அறிந்து, துருவப் பயணியான கறுப்பினத்தவர் மேத்யூ ஹென்சன் கையெழுத்திட்ட புத்தகத்தோடு அவரையே நேரில் போய்ப் பார்த்தார். விளம்பரம் வந்தது. எல்லாப் பத்திரிகை ஆசிரியருக்கும் இந்தச் சாமர்த்தியம் வாய்க்காது (எனக்கு நிச்சயமாக இல்லை). அதனால்தான், மீடியா பிளானரின் மேசையில் அக்கறையுள்ள ஒருவர் உட்கார்ந்திருப்பது அவசியமாகிறது.

எதிர்காலம் உண்டு, அம்மா. சேருங்கள். முதல் பிளானிலேயே சிறு பத்திரிகை ஒன்றுக்கு ஒரு வரி ஒதுக்கிப் பாருங்கள். மேலதிகாரி என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்