குஞ்சுப் பெட்டியில் பல்பு அணைந்தால்...

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் போதும், கோழிக்குஞ்சு வளர்க்கும் சகோதரிகளிடமிருந்து எனக்கு ஒரே புலம்பல்தான்: “பல்பு நிற்கவே மாட்டேங்குது!”

ஒரு சகோதரி 25 நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கினாராம். பத்து நாளில் 3 பல்பு போயிற்று. மூன்றாவது போனது நடுராத்திரி. குளிர் தாங்காமல் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியதில் 8 குஞ்சு மூச்சு முட்டிச் செத்துவிட்டன. “முட்டை விற்றுப் பெரியவளின் பள்ளிச் செலவைச் சமாளிக்க நினைத்தேன். எங்க அத்தையோ, ‘இதெல்லாம் நமக்கு எதுக்கும்மா’ங்கறாங்க” என்று எழுதியிருக்கிறார்.

விட்டுவிடாதீர்கள் சகோதரி. பல்பு சும்மா போகாது, காரணம் இருக்கும். கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். கை ஈரமாக இருக்கக் கூடாது. காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். ஆறியதும் பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே இழை அறுந்திருந்தால் பல்பு தீர்ந்தது. இழை முழுசாக இருந்தால் வேறு அறையில் மாட்டிப் பாருங்கள். அங்கே எரிந்தால் பல்பின் மேல் குற்றமில்லை. ஹோல்டரோ ஒயரோதான் கோளாறு.

ஹோல்டருக்குள் இரண்டு ஸ்பிரிங் முனைகள் இருக்கும். ராத்திரி பகல் சூட்டில் அவை தளர்ந்துபோகும். சரியாகத் தொடாமல் பொறி பறந்து, கறுத்துப்போகும். பல்பு விட்டுவிட்டு எரியும், ஆயுசும் குறையும். சுரண்டிச் சரிசெய்ய வேண்டாம், மாற்றிவிடுங்கள். எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் தம்பி, “பிளாஸ்டிக் ஹோல்டர் சூட்டுல உருகிடும்க்கா, பீங்கான் ஹோல்டரா வாங்குங்க” என்பான். நியாயமான பேச்சு.

கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் சூடான பல்பின்மேல் தண்ணீர் தெறித்திருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தைத் தள்ளி வையுங்கள். கூரை ஒழுகுகிறதா என்றும் பாருங்கள். புது பல்பே சீக்கிரம் கறுத்து, இழை அறுந்தால், மின்னழுத்தம் கூடுதலாக வருகிறது என்று சந்தேகப்படலாம். ஊர் அடங்கியபின் மின்சாரச் செலவு குறைவதால் அழுத்தம் ஏறுவதுண்டு. பல்பின் தலையில் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். 240 வோல்ட் பல்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள், கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அடிக்கடி அணைத்துப் போடுவதும் ஆகாது. ஆறிய இழையில் சட்டென்று மின்சாரம் பாயும்போதுதான் பெரும்பாலும் அது அறுகிறது.

மிச்சம் பிடிக்கிறேன் என்று எல்.இ.டி. பல்பு மாட்டாதீர்கள். வெளிச்சம் வரும், குஞ்சுக்கு வேண்டிய சூடு வராது. இதற்குப் பழைய குண்டு பல்புதான் சரி.

இனி முக்கியமான யோசனை. ஒரே பெரிய பல்பை நம்பாதீர்கள். குஞ்சுக்கு 2 வாட் என்பது கணக்கு. 25 குஞ்சுக்கு 40 வாட் பல்பு இரண்டு மாட்டினால், ஒன்று போனாலும் மற்றொன்று விடியும்வரை காப்பாற்றும். ஒயரில் தொங்கவிடாமல் கம்பியிலோ சங்கிலியிலோ இறுகக் கட்டுங்கள். கீழே பரப்பியிருப்பது உமி. பல்பு விழுந்தால் வீடே பற்றிக்கொள்ளும்.

முதல் வாரம் குஞ்சு இருக்கும் இடத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லையா? குஞ்சுகளே சொல்லும். பல்படியில் குவிந்து கத்தினால் குளிர்கிறது, பல்பை இறக்குங்கள். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சுவிட்டால் சூடு அதிகம்; உயர்த்துங்கள். ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் காற்றடிக்கிறது. அட்டை வைத்து மறையுங்கள். பரவலாகப் படுத்திருந்தால் நீங்களும் நிம்மதியாகத் தூங்கலாம்.

கரண்டே போய்விட்டால்? பாட்டிலில் வெந்நீர் நிரப்பி இறுக மூடி, பழைய துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். ஆற ஆற மாற்றுங்கள். மேலே சாக்கைப் போட்டுக் காற்று போக இடைவெளி விடுங்கள். மூடிய அறையில் கரியடுப்பு மட்டும் வைக்கவே கூடாது. அந்தப் புகை குஞ்சை மட்டுமல்ல, பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தையையும் கொன்றுவிடும்.

பிள்ளைகள் குஞ்சைத் தூக்கிக் கொஞ்சத்தான் செய்வார்கள். கொஞ்சி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். இல்லையென்றால் வயிற்றுப்போக்கு வரலாம்.

அடுத்த இதழில் ராணிக்கட் நோய்க்கான தடுப்பு மருந்து பற்றிச் சொல்கிறேன்.