முழு செற்றும் வேண்டுமாம்

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் சூழலைச் சொல்லி ஆட்டத்தை நடத்திக்கொண்டு போக, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். இதுதான் 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்'. இதை ஆடுகிறவர்களிடமும் ஆட ஆசைப்படுகிறவர்களிடமும் ஒரு நம்பிக்கை வேரோடிப் போயிருக்கிறது: முழு செற்றும் கையில் இருந்தால்தான் ஆட்டம் களைகட்டுமாம். விதிநூல் மூன்று, அதற்குமேல் துணைநூல்கள், அதற்கும்மேல் தடித்த அட்டைபோட்ட சாகசப் புத்தகங்கள். ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகனின் அலுமாரியில் இவையெல்லாம் வரிசையாக நிற்கின்றன. இதில் ஆடி முடித்தது எது என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறான். யாழ்ப்பாணத்துப் புத்தூர்ப் பெடியளோ, அப்படியொரு அலுமாரி இல்லாதபடியால் தாங்கள் இன்னும் தொடங்கேலாது என்கிறார்கள். ஒரே பொய் அங்கே ஒருவனை வாங்க வைக்கிறது, இங்கே நாலு பேரைச் சும்மா இருக்க வைக்கிறது.

ஆட்டம் பிறந்தபோது இந்த நம்பிக்கை கிடையாது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி, 1974இல் அமெரிக்காவின் லேக் ஜெனீவாவிலிருந்து ரி.எஸ்.ஆர். நிறுவனம் வெளியிட்டது ஒரு பெட்டியும் மூன்று சிறுநூல்களும்தான். முதல் அச்சு ஆயிரம் பிரதி. விதிகளில் ஓட்டைகள் தாராளம். ஆடுகிறவர்களே அடைத்துக்கொள்வார்கள் என்று விட்டிருந்தார்கள். அடுத்த வருடமே 'கிரேஹோக்' என்ற முதல் துணைநூல் வந்தது. விற்றது. விற்றால் விடுவார்களா?

1989இல் 'ஸ்பெல்ஜாமர்', 1990இல் 'ரேவன்லோஃப்ட்', 1991இல் 'டார்க் சன்', 1992இல் 'அல்-காடிம்', 1994இல் 'பிளேன்ஸ்கேப்', 1995இல் 'பேர்த்ரைட்' என்று உலகத்துக்குமேல் உலகமாக இறக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி, தனித் துணைநூல், தனி வரைபடம். ஒரு உலகத்தை வாங்கியவர் மற்றதைத் தொடவில்லை. நிறுவனம் தன் வாடிக்கையாளரைத் தானே கூறுபோட்டது. நாவல்களும் பகடைப் பொதிகளும் கடைகளிலிருந்து திரும்பி வந்து குவிந்தன, அச்சகத்துக்குக் கடன் ஏறியது. 1997இல் 'விஸார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட்' நிறுவனம் ரி.எஸ்.ஆரை வாங்கியிராவிட்டால் கதை அத்தோடு முடிந்திருக்கும். கூடக்கூட நல்லது என்று நம்பி, அந்த நம்பிக்கையை விற்ற நிறுவனமே அதில் விழுந்தது.

தடிப்பும் ஆட்டமும் ஒன்றல்ல என்பதற்கு ஒரே கதையின் இரண்டு வடிவங்கள் போதும். 1983இல் ட்ரேசி ஹிக்மனும் லோரா ஹிக்மனும் எழுதிய, பின்னர் தனி உலகமாகவும் விரிந்த 'ரேவன்லோஃப்ட்' சாகசம் 32 பக்கம். இரத்தக் காட்டேரியான ஒரு பிரபு, அவனுடைய கோட்டை, பயத்தில் கிடக்கும் ஊர். இந்தச் சரக்கு எவரிடமும் உண்டு. அந்த நூலின் உயிர், ஒருத்தி சீட்டுப் போட்டுக் குறி சொல்லும் இடத்தில் இருக்கிறது. சீட்டு விழும் விதத்தைப் பொறுத்து, பிரபுவை வெல்ல உதவும் பொருட்கள் எங்கே கிடக்கின்றன, பிரபு எதை நாடித் திரிகிறான் என்பதெல்லாம் மாறிவிடும். நடத்துபவருக்கே முடிவு தெரியாது. 2016இல் அதே கதையை 'கேர்ஸ் ஒஃப் ஸ்ட்ராட்' என்று 256 பக்கமாக விரித்தார்கள். மோசமான புத்தகம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பக்கம் எட்டு மடங்கானதால் ஆட்டம் எட்டு மடங்காகவில்லை. நடத்துபவர் இரவிரவாக வாசிக்கவேண்டியதுதான் எட்டு மடங்கானது. குறி சொல்லும் சீட்டு அதிலும் இருக்கிறது, ஏறக்குறைய அன்று செய்த அதே வேலையைத்தான் செய்கிறது.

எழுதியவரின் பெயரைப் பார்த்து வாங்கலாமா என்றால், அதுவும் சரிவராது. அதே ட்ரேசி ஹிக்மனின் கைவண்ணத்தில் 1984இல் தொடங்கிய 'ட்ராகன்லான்ஸ்' சாகசங்களில் கதை முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது. நாயகர்கள் ஆயத்தமாக வந்துவிடுவார்கள், ஆடுபவர்கள் தண்டவாளத்தில் போகவேண்டியதுதான். நாவலாக வாசிக்க அருமை. மேசையில் வைத்தால் ஒருவர் பேச மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

எதிர்முனையில் கைகாக்ஸ் எழுதிய 'த கீப் ஒன் த போர்டர்லாண்ட்ஸ்'. ஆரம்பப் பெட்டிக்குள் வைத்து விற்றபடியால் ஏராளமானோர் கைக்குப் போன சிறுநூல். அதில் கோட்டைக்குள் இருப்பவர்களுக்குப் பெயர்கூட இல்லை. கொல்லன் என்றால் கொல்லன், மதகுரு என்றால் மதகுரு. அரைகுறை வேலை என்று இதைக் குறைசொல்பவர்கள் உண்டு. அந்த வெற்றிடத்தில் நடத்துபவர் தன் ஊர்க் கொல்லனை, அவருடைய கோபத்தை, அவர் கடன் தர மறுக்கும் விதத்தைக் கொண்டுவந்து வைக்கலாமே. அச்சிட்ட எந்தப் பெயருக்கும் அந்தப் பலம் வராது.

தடித்த புத்தகம் ஏன் விற்கிறது? ஐந்து பேர் ஆடினால் சாகசப் புத்தகம் வாங்குவது நடத்துகிற ஒருவர்தான். அவர் அதைத் தனியே இருந்து வாசிக்கிறார், பெரும்பாலும் ஆடாமலே விடுகிறார். ஆகவே பதிப்பகமும் வாசிப்பவருக்காகவே எழுதுகிறது. வாசிப்பதற்காக வாங்குகிறவரிடம் எனக்குச் சண்டையில்லை. அதை ஆட்டத்துக்கான ஆயத்தம் என்று சொல்லித் திரியாமல் இருந்தால் சரி. புத்தூருக்குப் பக்கத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஏடு தேடித் தேடிச் சேர்த்தவர்தான். ஆனால் அவர் அவற்றை ஒப்பிட்டு 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். பெட்டியில் போட்டுப் பூட்டவில்லை.

வாங்கத்தான் வேண்டுமென்றால் புத்தகத்தின் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். ஆடுபவர்கள் தொட, திருட, உடைக்க, ஏமாற்ற அந்தப் பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா? முந்நூறு வருடத்துக்கு முன் செத்துப்போன ஒரு ராசாவின் குடும்பச் சண்டை மட்டும் இருந்தால் மூடி வையுங்கள். ஆரம்பகாரருக்குக் கைபிடித்துக் கூட்டிப்போக ஒன்று வேண்டாமா என்று கேட்பது நியாயம். 2014 ஆரம்பப் பெட்டியில் வந்த 'லொஸ்ட் மைன் ஒஃப் ஃபண்டெல்வர்' அதற்குக் காணும். அதன் சாகச நூல் 64 பக்கம்தான். அதற்குப்பிறகு இன்னொன்று வேண்டும் என்று மனம் அரிக்கிறதென்றால், 2009இல் தொடங்கிய ஒற்றைப் பக்கச் சாகசப் போட்டியின் ஆக்கங்களைப் பார்க்கலாம். ஒரு தாளில் ஒரு வரைபடமும் சில குறிப்புகளும், அவை இலவசம்.

விதிகளுக்கும் காசு தேவையில்லை. 2023 ஜனவரியில், விதிகளைப் பிறர் பயன்படுத்தும் உரிமத்தை இறுக்கப்போய் ரசிகர்களின் எதிர்ப்பில் மாட்டிக்கொண்ட விஸார்ட்ஸ் நிறுவனம், ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், எவரும் அதை மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். இருபது முகப் பகடை இல்லையா? ஒன்றிலிருந்து இருபதுவரை இலக்கமெழுதிய துண்டுகளைப் பேணியில் போட்டு ஒன்றை எடுத்து, பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டால் கணக்கு ஒன்றுதான்.

சாகசத்துக்கு எங்கே போவது என்று புத்தூரில் இருந்துகொண்டு கேட்பதுதான் எனக்கு ஆத்திரம். பக்கத்து நவக்கிரியில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. அடியே இல்லை என்பது ஊர்க்கதை. வானரப் படையின் தாகம் தீர்க்க இராமன் அம்பெய்த இடம் என்பார்கள். எலுமிச்சம்பழம் ஒன்றைப் போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்பார்கள். உண்மையில் அது சுண்ணாம்புக்கல் கரைந்து உண்டான குழி. மேலே நன்னீர், கீழே போகப்போக உவர். அளவுக்குமிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். இதைவிட நல்ல சாகச ஏற்பாட்டை எந்தப் பதிப்பகம் தரப்போகிறது? உள்ளே கீரிமலைக்கு வழி தேடிப் போனவர்கள் திரும்ப வேண்டும். மேலே வெங்காயத் தோட்டக்காரர் மெசினை நிறுத்த மறுக்கிறார். அவர் இறைக்க இறைக்க உவர் ஏறி, வந்த வழி மாறிக்கொண்டே போகிறது. தோட்டக்காரர் கெட்டவரும் அல்லர், பயிர் வாடுகிறது. அவரோடு பேசிச் சமாளிப்பதா, இரவில் போய் மெசினின் வயரைக் கழற்றுவதா? கொப்பியில் ஒரு ஒற்றை போதும்.

விதிகளைத் தமிழாக்க விரும்புகிறவர்கள் பகடை உருட்டும் முறையையும் சண்டை ஒழுங்கையும் முதலில் முடித்தால் நல்லது. மந்திரப் பட்டியலும் பூதப் பட்டியலும் ஆறுதலாக வரட்டும். நிலாவரைக்குள் ஒரே ஒரு பூதம் காணும்: கீரிமலைக்குப் போகிற எலுமிச்சம்பழங்களை எல்லாம் இடையில் மறித்துப் பிடித்து, ஒன்றையும் தின்னாமல் அடுக்கி வைத்திருக்கிற பூதம்.