பழைய லேப்டாப்புக்கு ஆன்டிவைரஸ் மட்டும் போதுமா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

குன்றத்தூர், அனகாபுத்தூர், பம்மல் பக்கத்து கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் வழக்கமாகக் காதில் விழும் பேச்சு இது. “லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்குண்ணா.” “வைரஸா இருக்கும் தம்பி, ஒரு வருஷத்துக்கு ஆன்டிவைரஸ் போட்டுத் தர்றேன்.” ஜிபே சத்தம் கேட்டதும் விஷயம் முடிந்துவிடும். லேப்டாப்பில் ஓடுவது எந்த விண்டோஸ் என்று இருவருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம்தான். ஆனால் 2018-க்கு முன்பு வாங்கிய பெரும்பாலான லேப்டாப்கள் அதற்கான தகுதியில் தேறாது. காலேஜ் முதல் வருஷத்தில் அப்பா வாங்கிக் கொடுத்தது, அரசு தந்த பழைய விலையில்லா மடிக்கணினி எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். போரூரிலோ ஓ.எம்.ஆரிலோ வேலை பார்ப்பவரின் ஆபீஸ் லேப்டாப்பை ஐ.டி. டீம் பார்த்துக்கொள்ளும். நெட் பேங்கிங், வருமான வரித் தாக்கல், பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என எல்லாம் நடக்கும் வீட்டு லேப்டாப்பைப் பார்த்துக்கொள்ள யாருமில்லை.

ஆன்டிவைரஸ் செய்யாத வேலை

விண்டோஸில் ஓட்டை இருந்தால் அதை அடைப்பது அப்டேட். ஆன்டிவைரஸ் அந்த ஓட்டையை அடைக்காது. உள்ளே வருவது கெட்டதா என்று மட்டும் பார்க்கும். பூட்டு உடைந்த வீட்டுக்கு வாட்ச்மேன் போட்ட மாதிரி.

2017 மே 12 அன்று உலகம் முழுக்கப் பரவிய ‘வான்னாக்ரை’ இதற்குச் சரியான உதாரணம். அது பயன்படுத்திய ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அப்டேட் போடாத கணினிகளும், ஆதரவு முடிந்த பழைய விண்டோஸ் கணினிகளும்தான் மாட்டின. திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் அதில் சிக்கின.

அதனால் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. செட்டிங்ஸில் ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கம் போனால், கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டில் சேர்வதற்கான வசதி இருக்கும். இது 2026 அக்டோபர் 13 வரைக்குமானது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் கட்டணம் இல்லை. அது வேண்டாம் என்றால் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகள் அல்லது 30 டாலர். லேப்டாப்பில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22ஹெச்2 இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே

விண்டோஸோடு இலவசமாக வரும் ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்’ ஒரு காலத்தில் கேலிப்பொருளாக இருந்தது உண்மை. இன்று அப்படி இல்லை. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய இரண்டும் ஆன்டிவைரஸ்களைச் சோதித்து முடிவுகளை இணையத்தில் இலவசமாக வெளியிடும் ஆய்வகங்கள். பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை என மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண் தரும் ஏவி-டெஸ்டில், டிஃபெண்டர் சில ஆண்டுகளாகவே முன்வரிசையில்தான் நிற்கிறது. விண்டோஸ் 10-இல்கூட புதிய வைரஸ்களை அடையாளம் காணும் அப்டேட் அதற்கு 2028 அக்டோபர் வரை வரும்.

ஒழுங்காக அப்டேட் ஆகும் வீட்டுக் கணினிக்குப் பெரும்பாலும் இதுவே போதும். கூடுதலாக, விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் ‘ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்’ என்ற பகுதியில் ‘கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்ற ஸ்விட்ச் இருக்கிறது. ஆஃப் நிலையில்தான் வரும். ஆன் செய்தால், அறிமுகமில்லாத புரோகிராம் எதுவும் டாக்குமென்ட்ஸ், போட்டோக்களில் கைவைக்க முடியாது. இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் டபுள் பாதுகாப்பு என்பது தப்புக்கணக்கு. ஒன்றோடு ஒன்று மோதி லேப்டாப்தான் திணறும்.

சரி, வாங்குவதென்றால் யாரை நம்புவது?

கணினியில் இருக்கும் எந்த ஃபைலையும் திறந்து பார்க்கும் உரிமை ஆன்டிவைரஸுக்கு உண்டு. அதனால், எத்தனை வைரஸ் பிடிக்கிறது என்பதைவிட, விற்கும் நிறுவனம் எப்படிப்பட்டது என்பதுதான் பெரிய கேள்வி.

இந்தியாவில் ஏராளமானோர் இலவசமாகப் போட்டுக்கொண்ட அவாஸ்ட்டையே எடுத்துக்கொள்ளலாம். பயனர்கள் எந்தெந்த இணையதளத்துக்குப் போகிறார்கள் என்ற தகவலைச் சேகரித்து, ‘ஜம்ப்ஷாட்’ என்ற துணை நிறுவனம் வழியாக அது விற்றதாக அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியது. ஆன்லைனில் பின்தொடர்வதைத் தடுப்போம் என்று சொல்லி விற்ற மென்பொருள் அது! ஜம்ப்ஷாட் 2020-இல் மூடப்பட்டது. 2024-இல் அவாஸ்ட் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டியிருந்தது.

காஸ்பர்ஸ்கி கதை வேறு. ரஷ்ய நிறுவனம் என்பதால் தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டி 2024 ஜூனில் அமெரிக்கா தடை அறிவித்தது. செப்டம்பர் 29-க்குப் பிறகு அங்கே அப்டேட்டும் கொடுக்கக் கூடாது என்றது. அந்த மாதம் பல அமெரிக்கர்களின் கணினியில் காஸ்பர்ஸ்கி தானாக நீங்கி, ‘அல்ட்ராஏவி’ என்ற கேள்விப்படாத மென்பொருள் உட்கார்ந்திருந்தது. அது கெட்டதா என்பது இங்கே விஷயமல்ல. வீட்டுக்காரரைக் கேட்காமலேயே ஒரு மென்பொருளை எடுத்து இன்னொன்றை வைக்கும் அளவுக்கு அந்த அனுமதி ஆழமானது.

நம்மூரிலேயே இந்தத் தொழிலில் பழுத்தவர்கள் இருக்கிறார்கள். சோழிங்கநல்லூரில் இயங்கும் கே7 கம்ப்யூட்டிங் 1991-இல் தொடங்கப்பட்டது. ஜப்பான் சந்தை வரை போன சென்னை நிறுவனம். புனேவின் குயிக் ஹீலும் பழைய பெயர்தான். உள்ளூர் என்பதற்காக மட்டும் வாங்கத் தேவையில்லை. ஆய்வக முடிவுகளில் அந்த மென்பொருளின் சமீபத்திய மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்யலாம். பெற்றோரின் கணினியையும் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும், பிள்ளைகள் பார்ப்பதைக் கட்டுப்படுத்த வேண்டும், பிரச்சினை வந்தால் போனில் பேச ஆள் வேண்டும் என்பவர்களுக்குக் கட்டண மென்பொருள் அர்த்தமுள்ளது.

விலையில் ஒரு சூட்சுமம் உண்டு. முதல் வருஷம் பெரிய தள்ளுபடி, அடுத்த வருஷம் ஆட்டோ ரினியூவலில் முழு விலை. ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் இப்படிப் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே மெசேஜ் வர வேண்டும். அதைத் தள்ளிவிடாமல் படித்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

எந்த ஆன்டிவைரஸும் காப்பாற்றாத இடமும் இருக்கிறது. ஓசி ஆபீஸுக்கும் போட்டோஷாப்புக்கும் கிராக் இறக்கும்போது, ‘முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க’ என்று அந்த ஃபைலோடேயே குறிப்பு வரும். நாமே வாட்ச்மேனை டீ குடிக்க அனுப்பிவிடுகிறோம். அடுத்தது, ‘உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள்’ என்று சிவப்பாகக் கத்தும் பாப்-அப். பெரும்பாலும் அது ஏதோ ஒரு இணையதளத்துக்கு பிரவுசரில் தெரியாமல் கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதி. பிரவுசர் செட்டிங்ஸில் அந்தத் தளத்தை நீக்கினால் போய்விடும். அழைத்தால், எனிடெஸ்க் போடச் சொல்லி ஸ்கிரீனை எடுத்துக்கொள்வார்கள்.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும், பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிய வேண்டும். பணம் போகவில்லை, லேப்டாப் மேல் சந்தேகம் மட்டும்தான் என்றால், மத்திய அரசின் செர்ட்-இன் 2017 முதல் நடத்தும் ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’ தளத்தில் குயிக் ஹீல், கே7, ஈஸ்கேன் தயாரித்த சுத்தப்படுத்தும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கடைக்குத் தூக்கிப் போகும் முன் அதை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம்.