சப்பை மூக்குக்கு எத்தனை அங்குலம்?

மாணவர்களே, பழைய துப்பறியும் படங்களில் கதாநாயகன் கோட்டுப் பையிலிருந்து சட்டென்று எடுக்கும் குட்டை ரிவால்வரைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ‘ஸ்னப் நோஸ்’ என்று பெயர். சப்பை மூக்கு என்று பொருள். குழல் எத்தனை அங்குலம் இருந்தால் அது சப்பை மூக்கு?

2 அங்குலம் என்பார்கள் சிலர். 3 அங்குலம் வரை சேர்க்கலாம் என்பார்கள் வேறு சிலர். 1927இல் கோல்ட் நிறுவனம் வெளியிட்ட ‘டிடெக்டிவ் ஸ்பெஷல்’ 2 அங்குலக் குழல் கொண்டது. அது சப்பை மூக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 3 அங்குலத்தில்தான் தகராறு. காரணம், இது வழக்கில் வந்த பெயர். அறிவியல் வரையறை அல்ல.

இயற்கையும் இங்கே கோடு எதையும் போடவில்லை. குழல் குறையக் குறைய, வாயு தோட்டாவைத் தள்ளும் தூரம் குறைகிறது, வேகமும் குறைகிறது. குறிபார்க்கும் முன், பின் முனைகளும் நெருங்கிவிடுகின்றன. அவற்றின் இடைவெளி 20 சென்டிமீட்டர் என்றால், 1 மில்லிமீட்டர் பிசகு 10 மீட்டர் தொலைவில் 5 சென்டிமீட்டராகும். இடைவெளி 10 சென்டிமீட்டர் என்றால் அதே பிசகு 10 சென்டிமீட்டராகிவிடும். வடிவொத்த முக்கோணங்களை வரைந்து பாருங்கள். இந்த மாற்றம் படிப்படியாக நிகழ்கிறது. 3 அங்குலத்தில் திடீரென்று எதுவும் மாறுவதில்லை.

ஆனால் சட்டத்துக்குக் கோடு வேண்டும். கனடாவின் குற்றவியல் சட்டம் ‘சப்பை மூக்கு’ என்ற பெயரை நம்பவில்லை. 105 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவான குழலுள்ள கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்டது என்கிறது. அதோடு, எப்படி அளப்பது என்றும் சொல்கிறது. ரிவால்வரில் தோட்டாக்கள் இருக்கும் உருளையைச் சேர்க்கக்கூடாது. குழலை மட்டும் அளக்க வேண்டும். மற்றத் துப்பாக்கிகளில் தோட்டா அறையையும் சேர்க்க வேண்டும். 4 அங்குல ரிவால்வரின் குழல் 101.6 மில்லிமீட்டர், அது தடைக்குள் வருகிறது. உருளையையும் சேர்த்திருந்தால் தப்பியிருக்கும்!

ஆகவே, ‘எத்தனை அங்குலம்?’ என்று கேட்பது பாதிக் கேள்விதான் என்பேன். ‘எங்கிருந்து எங்கே வரை?’ என்பது மீதிப் பாதி. தனி ஊசல் சோதனையில் நூலை மட்டும் அளந்து, குண்டின் மையம் வரை அளக்க மறப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? அடுத்த முறை அளவுகோலை எடுக்கும்போது, எண்ணைக் குறிக்கும் முன் இரண்டு முனைகளையும் குறித்துவிடுங்கள்.