‘இரத்த உறவில் யாருக்காவது நுரையீரல் புற்றுநோய் உண்டா?’ என்ற கேள்வி குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

துறைமுகச் சரக்குப் போக்குவரத்து ஒப்பந்ததாரர் ஒருவர் ஓட்டுநர்களுக்கான மருத்துவப் படிவத்தில் மேற்கண்ட கேள்வியைச் சேர்த்ததும், அதையொட்டிப் பொதுக்குழுவில் எழுந்த சச்சரவும் உறுப்பினர்கள் அறிந்தவையே ஆதலால், அவற்றை மீண்டும் விரிக்காமல், நம் சங்கத்தின் காலடிப்பேட்டைச் செயற்குழு எட்டிய கருத்து மட்டும் இங்கே பதிவாகிறது.

நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளாவதிலும் அதைத் தாங்கி நிற்பதிலும் ஆளுக்கு ஆள் மரபணு வேறுபாடு உண்டு என்பதைச் சங்கம் மறுக்கவில்லை. புகையிலுள்ள பென்சோபைரீன் என்ற பொருளை உடலின் நொதி ஒன்று கடும் நஞ்சாக மாற்ற, ஜி.எஸ்.டி.எம்.1 என்ற மரபணு தரும் வேறொரு நொதி அந்த நஞ்சை முறித்து வெளியேற்ற உதவுகிறது. இந்த மரபணு பிறவியிலேயே இல்லாதவர்கள் ஏராளம். 2008-இல் வெளிவந்த மூன்று ஆய்வுகள் பதினைந்தாம் குரோமோசோமில் நிக்கோடின் ஏற்பிகளுக்குரிய பகுதியைச் சுட்டிக்காட்டின. அங்குள்ள மாற்றத்தைத் தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து பெற்றவருக்கு ஆபத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. இவற்றை ஏற்பதில் குழுவில் கருத்து வேறுபாடு எழவில்லை. ஆனால் நஞ்சை முறிக்கும் திறன் ஒருவருக்குக் குறைவு என்று சொல்வதற்கே அந்த நஞ்சு முதலில் அவர் மூச்சில் இறங்கியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும் எனக் குழு கருதுகிறது.

குழு அதிக நேரம் செலவிட்டது ‘ஜீன் ரிப்போர்ட்’ என்று வீடுகளில் வழங்கும் தாளைப் பற்றித்தான். கட்டியிலிருந்து எடுத்த சதையைச் சோதித்து, ‘ஈ.ஜி.எஃப்.ஆர். பாசிட்டிவ்’ என்று அச்சிட்டுத் தரும் அந்தத் தாளைப் பார்த்ததும் இது குடும்ப நோய், பிள்ளைகளுக்கும் வரும் என்று உறவினர் முடிவு கட்டுகின்றனர்; பெண் கேட்டு வந்தவர்கள் திரும்பிப் போகின்றனர். ஈ.ஜி.எஃப்.ஆர். என்பது உயிரணுவை வளரத் தூண்டும் புரதத்துக்குரிய மரபணு. கட்டியில் காணப்படும் அதன் மாற்றம், மிக அரிதான சில குடும்பங்கள் நீங்கலாக, பெற்றோரிடமிருந்து வந்ததன்று, பிள்ளைகளுக்குப் போவதுமன்று. அது அந்த நுரையீரலுக்குள்ளேயே வாழ்நாளில் நேர்ந்தது. எந்த மாத்திரை கேட்கும் என்று மருத்துவருக்குச் சொல்வதே அந்தத் தாளின் வேலை. 2023-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது: சோதிக்கப்பட்ட 295 பேரின் புற்றில்லாத நுரையீரல் திசுக்களிலும் ஏறத்தாழ 18 விழுக்காட்டில் இதே மாற்றம் அடங்கிக் கிடந்ததையும், பி.எம். 2.5 என்ற நுண்துகள் உண்டாக்கும் அழற்சி அத்தகைய உயிரணுக்களைப் புற்றாக வளரத் தூண்டுவதையும் அது காட்டியது. அப்படியானால், காற்றைக் குற்றத்திலிருந்து விடுவிக்க நீட்டப்படும் இந்தத் தாள் காற்றுக்கு எதிராகவே சாட்சி சொல்லக்கூடியது.

மாடிக்கொடியில் காலையில் உலர்த்திய வெள்ளை வேட்டியை மாலையில் உதறினால் கையில் கரி ஒட்டும் ஊர் காலடிப்பேட்டை. டீசல் புகையை 2012-லும் வெளிப்புறக் காற்று மாசை 2013-லும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிப்பட்ட புற்றுக்காரணிகளாக அறிவித்தது. அருகிலுள்ள மணலியை 2009-லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மிகக் கடுமையாக மாசடைந்த பகுதிகளுள் சேர்த்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் என்ஜினை அணைக்காமல் காத்துநிற்கும் டிரெய்லர்களின் கேபினில் தகப்பனுக்குப் பின் மகன் உட்காருகிறான். இருவருக்கும் பொதுவானது இரத்தம் மட்டுமன்று, அந்தப் புகையும்தான். நெருங்கிய உறவினருக்கு நோய் இருந்தால் ஆபத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது என்று கூறும் ஆய்வுகளின் எண்ணிலும் ஒரே வீடும் ஒரே காற்றும் ஓரளவு கலந்திருக்கவே வாய்ப்புண்டு. தகப்பனின் நெஞ்சைக் கரியாக்கிய தொழில், அவர் செத்ததையே காரணம் காட்டி மகனுக்கு வேலை மறுப்பது அநியாயம். இதைவிட மென்மையான சொல்லைக் குழுவால் ஏற்க இயலவில்லை.

பழியைப் பரம்பரையின் மேல் தள்ளுவது புதியதன்று. 1950-களின் இறுதியில், புகையிலை நிறுவனங்களின் ஆலோசகராகவும் இருந்த புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர், புகைக்கும் நாட்டத்துக்கும் புற்றுக்கும் ஒரே மரபணுவே காரணமாகலாம் என வாதிட்டார். பின்னர் பின்லாந்தில், ஒருவர் மட்டும் புகைத்த ஒத்த இரட்டையரை ஆராய்ந்தபோது, மரபணு ஒன்றாக இருந்தும் புகைத்தவரே பெரும்பாலும் முந்தி இறந்தது தெரியவந்தது.

வேலைக்கு எடுப்பதில் மரபணுப் பாகுபாட்டைத் தடுக்க அமெரிக்காவில் 2008-இலேயே சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் அதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. எனவே படிவத்திலிருந்து அக்கேள்வி நீக்கப்பட வேண்டும் என்றும், காத்திருக்கும் வண்டிகளின் என்ஜின் அணைக்கப்பட வேண்டும் என்றும் சங்கம் கோருகிறது. விருப்பமுள்ளோர் தாமே மரபணுச் சோதனை செய்துகொள்வதை ஆதரிப்பதா என்பதில் குழு இருவேறாகப் பிரிந்ததால், அது இப்போதைக்கு அடுத்த பொதுக்குழுவுக்கு விடப்படுகிறது.

அதுவரை, குடும்ப நோய் விவரமோ கட்டிச் சோதனைத் தாளின் நகலோ வேலைக்காகக் கேட்கப்பட்டால் உறுப்பினர்கள் கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டத்தைக் கோடிட்டு அடித்து, படிவத்தைப் படமெடுத்துச் சங்க அலுவலகத்தில் சேர்ப்பித்தால் போதுமானது.