சான்று சொல்லும் எதிர்ப்பொருள்

மனித உடலின் நோய் எதிர்ப்பாற்றல் ஒரு காவற்படையை ஒத்தது. பகையை அழிக்க வல்ல அப்படை, தான் காக்க வேண்டிய உறுப்புகளையே தாக்கத் தொடங்கினால் உடல் என்னாகும்? அவ்வாறு நேராமல் தடுக்கும் கட்டுப்பாடும் உடலுக்குள்ளேயே அமைந்துள்ளது. இதனை நிறுவியமைக்காக 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சிக்கும், அமெரிக்க அறிஞர்களான மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் வழங்கப்பட்டது. பரிசு பெற்றோரை உலகம் போற்றுகிறது. இத்தகைய ஆய்வுகளுக்குக் கண்ணாக நின்ற கருவியை நம்மில் பலர் அறியோம். ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருளே அக்கருவி. அதனைச் சோதித்தறியாமல் அது சொல்லும் சான்றை ஏற்றல் ஆகாது என்பதே என் கருத்து.

எதிர்ப்பொருள் என்பது வெள்ளணுக்களுள் ஒரு வகை உண்டாக்கும் புரதம். பூட்டுக்கேற்ற சாவிபோல், தனக்குரிய பொருளைத் தேடிப் பற்றும் இயல்புடையது. ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டுமளவு உண்டாக்கும் வழியை 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டீன் என்னும் இருவர் கண்டறிந்தனர். 1984-இல் அவர்களும் நோபல் பரிசு பெற்றனர். எதிர்ப்பொருளின்மீது ஒளிரும் சாயத்தை ஏற்றி உயிரணுக்களோடு கலந்தால், தேடும் புரதத்தை உடைய அணுக்கள் மட்டும் ஒளிர வேண்டும். ஆய்வாளர் காண்பது அந்த ஒளியையே, புரதத்தை அன்று.

1995-இல் சகாகுச்சி செய்த ஆய்வு இங்கு எண்ணத்தக்கது. எலியின் டி அணுக்களுள் சிடி25 என்னும் புரதத்தைத் தாங்கிய ஒரு சிறு பிரிவு உண்டு. அதற்குரிய எதிர்ப்பொருளின் துணைகொண்டு அப்பிரிவை நீக்கிவிட்டு, எஞ்சிய அணுக்களைத் தைமஸ் சுரப்பி இல்லாத எலிகளுக்குச் செலுத்தினார். அவை தைராய்டு, இரைப்பை முதலிய உறுப்புகளைத் தாக்கின. நீக்கிய பிரிவை மீண்டும் சேர்த்தபோது நோய் தடுக்கப்பட்டது. அடக்கி ஆளும் அணுக்கள் உள என்பது புலனாயிற்று.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. கிளர்ச்சியுற்றுத் தாக்கப் புறப்படும் அணுக்களும் சிடி25 புரதத்தைத் தாங்குகின்றன. காவலரும் கலகக்காரரும் ஒரே சீருடை அணிந்தால் எவ்வாறு பிரித்தறிவது? 2001-இல் பிரங்கோவும் ராம்ஸ்டெல்லும் ஃபாக்ஸ்பி3 என்னும் மரபணுவைக் கண்டறிந்தனர். அதன் புரதமே அடக்கும் அணுக்களை ஆள்கிறது என்பது 2003-இல் தெளிவாயிற்று. இப்புரதமோ அணுவின் உட்கருவில் உறைகிறது. அங்கே எதிர்ப்பொருள் புக வேண்டுமாயின் அணுவை உறையச் செய்து, அதன் சவ்வைத் துளைத்தாக வேண்டும், அணு மடிந்துவிடும். மேலும், மனித உடலில் கிளர்ச்சியுற்ற பிற டி அணுக்களிலும் இப்புரதம் சிறிது காலம் தோன்றி மறைவதுண்டு. உண்மை பேசும் சாட்சியின் சொல்லைக்கூட ஆராய்ந்தே பொருள்கொள்ள வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

பொய் பேசும் சாட்சியோ பெருங்கேடு விளைவிக்கும். விலைக்கு வாங்கும் எதிர்ப்பொருள்களுள் பல, குப்பியின்மேல் எழுதியுள்ள புரதத்தை விட்டு வேறொன்றைப் பற்றுகின்றன. 2015-இல் நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் இணைந்து நேச்சர் இதழில் இக்குறையைச் சுட்டித் தரப்படுத்தலை வேண்டினர். 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, 65 புரதங்களுக்கென விற்கப்படும் 614 எதிர்ப்பொருள்களைச் சோதித்தது. தமக்குரிய புரதத்தை இனங்காண இயலாத எதிர்ப்பொருள்களைச் சான்றாகக் கொண்ட கட்டுரைகள், ஒரு புரதத்திற்குச் சராசரியாகப் பன்னிரண்டு இருக்கக் கண்டனர். அக்கட்டுரைகளை நம்பி மேலும் ஆய்வு செய்தோரின் உழைப்பும் பொருளும் என்னாயின?

"ஒவ்வொன்றையும் சோதிக்கப் பொருளும் காலமும் ஏது?" எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. எல்லா ஆய்வுக்கூடங்களும் செல்வம் படைத்தவை அல்ல. ஆனால், பிழையான முடிவின்மீது ஆண்டுக்கணக்கில் உழைப்பதைக் காட்டிலும் தொடக்கத்தில் சோதிப்பது சிக்கனமே. தேடும் புரதத்தின் மரபணு நீக்கப்பட்ட அணுக்களில் எதிர்ப்பொருளை இட்டுப் பார்க்கலாம். அங்கும் ஒளி தோன்றுமாயின் அச்சான்று ஐயத்திற்குரியது. எந்த நிறுவனத்தின் எந்த எண்ணுடைய எதிர்ப்பொருள் என்பதனைக் கட்டுரையில் தவறாது குறித்தால் பிறரும் சரிபார்க்கலாம். விற்போரும் தம் சோதனை முடிவுகளை ஒளிவின்றி வெளியிடக் கடமைப்பட்டவர்கள்.

ஏட்டுச்சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடம் தேரும் நெறி தமிழ் பயில்வோர் அறிந்ததே. ஒரே சுவடியை நம்பி உரை எழுதத் துணியாத நாம், அறிவியல் பயிலும் மாணவர்களுக்கும் அந்நெறியைக் கற்பிக்க வேண்டும். கருவியைக் கையாளப் பயிற்றுவது போதாது. கருவியை ஐயுறவும் பயிற்றுதல் வேண்டும். ஆசிரியப் பெருமக்கள் இதனைத் தம் கடமையாகக் கொள்வார்களாக. நோயாளியின் படுக்கையை நாளை அடையப்போகும் மருந்து, இன்று ஆய்வுக்கூடத்தில் சொல்லப்படும் சான்றிலிருந்தே பிறக்கிறது.