றிபன் பூவும் கூலிக் கணக்கும்

இடம்பெயர்ந்த மக்கள் மத்தியில் "சுயதொழில்" என்ற சொல் புழங்கத் தொடங்கி நீண்ட காலமாயிற்று. தையல், மெழுகுதிரி, சவர்க்காரம், ஊதுபத்தி, கடதாசிப் பூ என்று ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பயிற்சி வந்து போனது. சின்னப் பெண்பிள்ளைகளின் தலையில் குத்துகிற றிபன் பூவும் இந்த வரிசையில் ஒன்று. முதல் குறைவு, வீட்டிலிருந்தே செய்யலாம், இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம் என்பார்கள். சொல்லப்படுகின்ற நன்மைகள் எல்லாம் உண்மையே. சொல்லப்படாத ஒன்றும் உண்டு. அதைச் செய்கின்ற பெண்ணின் நேரத்துக்கு என்ன விலை என்பதை எவரும் கணக்கிட்டுக் காட்டுவதில்லை. கமக்காரக் குடும்பம் ஏமாறுவது இந்த இடத்தில்தான் என்பது எமது கருத்து.

வட்டக்கச்சியை எடுத்துக்கொள்வோம். இரணைமடுத் தண்ணீரை நம்பி 1950களில் குடியேற்றத் திட்டமாக எழுந்த ஊர் அது. காலபோகம், சிறுபோகம் என்ற இரண்டு சொற்களைச் சுற்றியே அங்கு வாழ்க்கை ஓடியது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து புறப்பட்ட மக்கள் வன்னிக்கு வந்தபோது இடங்கொடுத்த ஊர்களில் இதுவும் ஒன்று. 2009 ஜனவரியில் அந்த ஊராரே வண்டிலிலும் உழவு இயந்திரத்திலும் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார்கள். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து, பின்னர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டார்கள். அந்த முகாம்கள் 2012 செப்ரெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டன. திரும்பி வந்த குடும்பங்களில் பலவற்றுக்குத் தலைவி மட்டுமே இருந்தார். உழவு இயந்திரம் இல்லை, மாடு இல்லை, வரம்பு கட்ட ஆண் துணை இல்லை. இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் பயிற்சி என்றும் சான்றிதழ் என்றும் கொண்டுவந்து கொடுக்கப்பட்டது.

இனி வேலையைப் பார்ப்போம். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு அங்குல அகலமான சற்றின் றிபனில் பத்து அங்குலத் துண்டு ஒன்றும் எட்டு அங்குலத் துண்டு ஒன்றும் வெட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் வளையமாக்கி, நுனிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, நடுவில் நூலோட்டி இழுத்தால் இரண்டு சிறகு விரியும். சின்னதைப் பெரியதன் மேல் வைத்துக் கட்டி, மூன்று அங்குலத் துண்டு ஒன்றால் நடுவைச் சுற்றி மறைத்து, பின்புறம் கிளிப்போ இலாஸ்ரிக்கோ வைத்துத் தைக்க வேண்டும். பசை மட்டும் போட்டால் ஒரு கிழமையில் கழன்றுவிடும். இரண்டு தையலும் போடுங்கள். கைக்குழந்தையின் தலைக்கு என்றால் மணி, முத்து எதுவும் வேண்டாம். கழன்றால் நேரே வாய்க்குத்தான் போகும்.

வெட்டிய நுனி நூல் பிரியாமல் இருக்க மெழுகுதிரிச் சுவாலையில் காட்டி எடுப்பது வழக்கம். சற்றின் றிபன் பெரும்பாலும் பொலியெஸ்ரர் ஆகையால் நுனி உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தி றிபன் உருகாது, எரியும். தறப்பாள் கொட்டிலுக்குள்ளும் கிடுகு வீட்டுக்குள்ளும் இந்த வேலையைச் செய்யவே கூடாது. தறப்பாளும் உருகுகின்ற பொருள்தான். வெளியே காற்று அடங்கிய இடத்தில், மண்ணில் மெழுகுதிரியை ஊன்றி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்துக்கொண்டு நூறு துண்டுகளை ஒரேயடியாகச் சுட்டு எடுத்துக்கொண்டால் மிச்ச வேலையை உள்ளே வைத்துப் பார்க்கலாம்.

ஒரு பூவுக்கு இருபத்தொரு அங்குலம் றிபன் போகிறது. வெட்டுச் சேதத்தையும் சேர்த்து இருபத்திரண்டு என்று வைப்போம். 25 யார் கொண்ட ஒரு சுருளில் 900 அங்குலம் உண்டு. ஆகவே ஒரு சுருளுக்கு 40 பூ. எங்கள் பிள்ளைகள் இரட்டைப் பின்னல் பின்னுகிறவர்கள், சோடியாகத்தான் வாங்குவார்கள். 40 பூ என்றால் 20 சோடி. கை பழகிய பெண்ணுக்கு ஒரு பூவுக்கு 12 நிமிடம் பிடித்தால் 40 பூவுக்கு 8 மணித்தியாலம். ஒரு சுருள் றிபன் என்பது ஒரு முழு நாள் வேலை என்பதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

விலைகள் நாளுக்கு நாள் மாறுகின்றன. றிபனும் கிளிப்பும் வெளிநாட்டிலிருந்து வருபவை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபோது இவற்றின் விலையும் கூடவே ஏறியது. ஆகவே நாம் போடும் எண்கள் உதாரணத்துக்கு மட்டுமே; உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். றிபன், கிளிப், நூல், பசை, மெழுகுதிரி எல்லாமாக ஒரு சுருள் வேலைக்கு 900 ரூபா என்று வைப்போம். பான்சிக் கடைக்காரர் ஒரு பூவை 35 ரூபாவுக்கு எடுத்தால் 1,400 ரூபா வரும். கையில் மிஞ்சுவது 500. அதிலே கிளிநொச்சிக்குப் போய்வருகின்ற பஸ் காசையும் கழியுங்கள். அன்றைக்கே பக்கத்து வயலில் களை பிடுங்கப் போயிருந்தால் என்ன கூலி கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதே 40 பூவையும் வீட்டு வாசலில் ஆளுக்கு ஒரு சோடியாக, பூ ஒன்று 80 ரூபாவுக்கு விற்றால் 3,200 வருகிறது, மிஞ்சுவது 2,300. செய்த கை ஒன்றுதான், செய்த நேரமும் ஒன்றுதான். மாறியது யாருக்கு விற்றோம் என்பது மட்டுமே.

பயிற்சி கொடுப்பவர்கள் செய்முறையைப் பத்து நாள் சொல்லிக்கொடுத்து, விற்பனையைக் கடைசி நாள் பின்னேரம் ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறார்கள். ஒரே கிராமத்தில் இருபத்தைந்து பெண்களுக்கு ஒரே பூவைப் பழக்கினால் அவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்களாவதைத் தவிர வேறு என்ன நடக்கும்? கத்தரிக்கோலும் நூலும் கொண்ட பொதியைக் கொடுத்துப் படம் எடுத்துப் போனவர்கள் ஆறு மாதம் கழித்து ஒருமுறை வந்து பார்த்தாலே விளங்கிவிடும்.

கடையில் தொங்குகின்ற இறக்குமதிப் பூவோடு விலையில் மோதி வெல்ல முடியாது. இது எமக்குப் புதிய பாடமல்ல. 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது மிளகாயும் வெங்காயமும் வன்னிக் கமக்காரரை நிமிர வைத்தன. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் அந்த விலை விழுந்தது. மிளகாய்க்கு நேர்ந்தது றிபனுக்கு நேராது என்று எண்ண ஒரு காரணமும் இல்லை.

எனினும் கப்பலில் வருகின்ற பூவால் செய்ய முடியாதவை சில உண்டு. முதலாம் தவணையில் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கிறது. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று இல்லத்துக்கு ஒரு நிறம். அணிநடைக்கு நிற்கின்ற முப்பது பிள்ளைகளுக்கும் ஒரே நிறத்தில், ஒரே அளவில் பூ வேண்டும். பான்சிக் கடையில் அது கிடைப்பது அபூர்வம். முதல் நன்மை, பிறந்தநாள், நடன அரங்கேற்றம், சாமத்தியச் சடங்குக்கு வருகின்ற குட்டிப் பிள்ளைகள் என்று சட்டைத் துணிக்குப் பொருந்துகின்ற நிறத்தில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். தையற்காரரிடம் மிஞ்சுகின்ற வெட்டுத் துணியிலேயே அதைச் செய்து கொடுக்கலாம். றிபன் செலவும் மிச்சம். புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல், வற்றாப்பளை அம்மன் பொங்கல், மடு ஆவணித் திருவிழா போன்ற சனம் கூடுகின்ற இடங்களில் கடை போடலாம் என்பார்கள். போடலாம். இடக்காசும் போக்குவரத்தும் இலாபத்தைத் தின்றுவிடாதபடி நாலைந்து பேர் சேர்ந்து போடுவதே புத்தி.

வீட்டிலிருந்து செய்கின்ற பெண்ணின் கூலி எப்படி மறைந்துபோகிறது என்பதற்கு நர்சாப்பூரைப் பார்க்க வேண்டும். ஆந்திராவில் கோதாவரிக் கழிமுகத்தில் இருக்கிறது அந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிசனரிமார் அங்கே ஏழைப் பெண்களுக்கு இலேஸ் பின்னப் பழக்கினார்கள். நல்ல நோக்கத்தோடுதான் பழக்கினார்கள். நூறு வருடத்துக்குப் பின், 1970களின் கடைசியில், மரியா மீஸ் என்ற ஜேர்மன் சமூகவியலாளர் போய் ஆராய்ந்தார். அவருடைய நூல் 1982இல் வெளிவந்தது. வீட்டு வேலையெல்லாம் பார்த்துக்கொண்டு, அதற்கு மேலே நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம் வரை பெண்கள் இலேஸ் பின்னினார்கள். அவர்கள் தொழிலாளர் அல்ல, ஓய்வு நேரத்தில் பின்னுகின்ற இல்லத்தரசிகள் என்றே எல்லோரும் சொன்னார்கள். பெண்களே அப்படித்தான் நம்பினார்கள். ஓய்வுநேர வேலைக்கு எதற்கு நாட்கூலி? ஏற்றுமதி செய்த வியாபாரிகள் செல்வந்தரானார்கள். பின்னியவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியில் ஒரு சிறு பங்குகூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை.

திருச்சபை நடத்துகின்ற பயிற்சிகளும் இந்த ஆபத்துக்கு விலக்கல்ல என்பதை இந்தப் பக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை. "சும்மா இருக்கிற நேரத்தில் செய்யலாம்" என்று எமது ஆட்களும் சொல்கிறார்கள். விடிய நாலு மணிக்கு எழும்பி, தண்ணீர் அள்ளி, சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, கூலிக்குப் போய், பின்னேரம் ஆட்டுக்குக் குழை வெட்டுகின்ற பெண்ணுக்கு எந்த நேரம் சும்மா இருக்கிற நேரம்? வீட்டிலிருந்து வேலை செய்பவரும் தொழிலாளரே என்று சர்வதேசத் தொழில் தாபனம் 1996இல் ஒரு சமவாயத்தையே நிறைவேற்றியது. அதை ஏற்றுக்கொண்ட நாடுகள் மிகச் சில.

கடன் பற்றியும் ஒரு வார்த்தை. றிபன் பூவுக்காக ஒருவரும் நுண்கடன் எடுக்க வேண்டாம். ஒரு சுருள் றிபனும் நாற்பது கிளிப்பும் வாங்கிப் பார்த்து, விற்ற காசில் அடுத்த சுருள் வாங்குகின்ற தொழில் இது. கிழமைக்குக் கிழமை தவணை கேட்டு வாசலுக்கு வருபவருக்கு இதிலிருந்து கொடுக்க முடியாது. ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுத்து வடக்கிலே எத்தனை பெண்கள் நொந்துபோனார்கள் என்பது எல்லோரும் அறிந்தது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை போயிற்று. முதல் வேண்டுமென்றால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ சிக்கன கடன் வழங்கு கூட்டுறவுச் சங்கத்திலோ கேளுங்கள். சங்கம் சேர்ந்து பத்துச் சுருளை மொத்தக் கடையில் எடுத்தால் விலையும் குறையும், ஆளுக்கு ஒரு நிறம் என்று பிரித்துச் செய்யவும் முடியும்.

இவ்வளவு சொன்னதனால் றிபன் பூவை வேண்டாம் என்கிறோம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளையின் அப்பியாசக் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் தாய் எவரிடமும் கை நீட்டாமல் இருக்க அது உதவும். தக்காளி போலவோ கத்தரி போலவோ அழுகிப்போகாத ஒரு பொருள் கமக்காரக் குடும்பத்தின் கையில் இருப்பது சின்ன விடயமல்ல. ஆனால் காணிக்கும் தண்ணீருக்கும் பதிலாக அதை எவரும் எம்மிடம் நீட்டக் கூடாது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களுடைய காணிகள் இன்றும் முழுவதாக விடுபடவில்லை. சிறுபோகக் கூட்டத்தில் யாருக்கு எத்தனை ஏக்கர் என்று பங்கு பிரிக்கும்போது ஆண் துணையில்லாத வீட்டின் பங்கை வேறொருவர் பேசி எடுத்துவிடுகின்ற வழக்கமும் இருக்கிறது. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் வயல் அழிந்தவருக்கும் 2021இல் உரமில்லாமல் விளைச்சல் குறைந்தவருக்கும் தேவைப்பட்டது விதைநெல்லும் நட்டஈடுமே. அப்படிப்பட்டவரிடம் போய் "சுயதொழில் பயிற்சி தந்துவிட்டோம்" என்று அறிக்கை எழுதினால் அது எந்த நியாயம்? பயிற்சிக்குப் பெயர் கொடுக்கின்ற அன்றைக்கே, அந்தப் பெண்ணின் காணிப் பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறது, வாய்க்கால் தண்ணீர் அவருடைய வயலுக்கு வருகிறதா என்று கேட்டு எழுதுகின்ற ஒரு பத்தியும் அந்தப் படிவத்தில் இருக்கட்டும்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதின்மூன்று வயது மகள் தாய்க்குப் பக்கத்தில் இருந்து நாலு துண்டு வெட்டிக் கொடுப்பதில் பிழையில்லை. கட்டளை அதிகம் வந்துவிட்டது என்று இரவு பத்து மணி வரை அவளை இருத்திவைத்தால், அவளுடைய படிப்பு நேரமும் அந்த 35 ரூபாவுக்குள்ளே போய்விடுகிறது. மகனையும் இருத்தலாம், நுனி சுடுகிற வேலைக்கும் கிளிப் தைக்கிற வேலைக்கும் ஆண், பெண் என்றில்லை.

காலத்தையும் பார்த்துச் செய்யுங்கள். காலபோக விதைப்பு முடிந்து மாரி பிடிக்கின்ற கார்த்திகை, மார்கழியில் வெளியே கூலி வேலை குறைவு. அந்த நாட்களில் செய்து வைத்தால், அரிவு வெட்டு நேரத்தில் கை ஓயாதபோது தைக்க வேண்டியிராது. விளையாட்டுப் போட்டிக்கும் சரக்கு இருக்கும். மழைக்காலத்தில் பசை காயச் சுணங்கும், கிளிப் துருப்பிடிக்கும். மூடியுள்ள பிஸ்கற் தகரத்துக்குள் கடதாசி விரித்து, நிறம் நிறமாகப் பிரித்துப் போட்டு வையுங்கள். எந்தப் பாடசாலையில் எந்த இல்லத்துக்கு என்ன நிறம் என்பதை அதற்கு முன்னமே, மூன்றாம் தவணை முடிவதற்குள், ஆசிரியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.